மூட்டையைப் பிரிக்கும் முன்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் திருவள்ளுவர் சிலையின் கதை தமிழர்கள் பலருக்கும் தெரியும். 1991-ல் வைக்கப்பட்ட சிலை, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதிதான் திறக்கப்பட்டது. நடுவில் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. உள்ளே இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும். பிரிக்கத்தான் முடியவில்லை.

கம்ப்யூட்டரில் நமக்கு வரும் மூட்டைகளின் விவகாரம் இதற்கு நேர் எதிர். ஸிப் என்றும் ரார் என்றும் டார் என்றும் வால் முளைத்த ஃபைல்கள். பிரிப்பது சுலபம், இரண்டு க்ளிக். உள்ளே இருப்பது யார் என்பதுதான் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் பிரித்ததால் ஒரு மனிதரின் கடைசி வேலை எப்படிக் கிட்டத்தட்ட காணாமல் போனது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அந்தத் திருவள்ளுவருக்குப் பக்கத்துத் தெருக்களில் ஒன்றில் குடியிருந்தார் அவர். பெயர் வேண்டாம். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் முடிந்த நேரங்களில் கன்னடம் படித்து, கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கியவர். நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்த புதிதில், கன்னட வாக்கியத்தின் மூச்சு எங்கே முடிகிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அவர்தான். அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டு இருபது வருஷம் ஓடிவிட்டது.

அண்ணன் காலமான சில மாதங்கள் கழித்து, அவருடைய கடைசி மொழிபெயர்ப்பான ஒரு கன்னட நாவலின் ப்ரூஃப் என் கைக்கு வந்தது. சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிடுகிறது. ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். 24 அத்தியாயங்கள். 17-ல் ஒரு இடத்தில் தடுக்கி விழுந்தேன்.

கன்னடத்தில் 'பேசர' என்று ஒரு சொல் உண்டு. வருத்தமும் அதுதான், சலிப்பும் அதுதான், மனக்கசப்பும் அதுதான். பெங்களூரில் பஸ் வர அரை மணி தாமதமானாலும் பேசர, பெற்ற பிள்ளை பேசாமல் போனாலும் பேசர. நாவலில் மகனை ரயிலேற்றிவிட்டு வந்த தாய் அந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்கிறாள். அதற்குத் தமிழ் என்ன? இதைப் பற்றி அண்ணனும் நானும் பல தடவை பேசியிருக்கிறோம். முதலில் 'வருத்தமா இருக்கு' என்று போட்டார். அப்புறம் 'சலிப்பா இருக்கு' என்று மாற்றினார். கடைசியாக ஒரு காலை போன் செய்து, "தம்பி, 'மனசு விட்டுப்போச்சு'ன்னு போட்டுட்டேன். இனிமே அதைத் தொட மாட்டேன்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

ப்ரூஃபில் இருந்தது 'சலிப்பா இருக்கு'.

பதிப்பகத்தைக் கூப்பிட்டேன். டி.டி.பி. செய்த பையன் பொறுப்பானவன்தான். "சார், அம்மா கொடுத்த பென் டிரைவில் மூன்று ஸிப் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் பிரித்தேன். ஒரே பெயரில் ஃபைல்கள் வந்தபோது புதிய தேதி உள்ளதை வைத்துக்கொண்டு பழையதை விட்டுவிட்டேன். லேட்டஸ்ட்தான் எடுத்திருக்கிறேன்" என்றான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பென் டிரைவ் அண்ணியிடமே திரும்பி வந்திருந்தது. டப்பாவில் மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். "இதுல அவரு இருக்காரு தம்பி, பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

* * *

இந்த முறை பிரிக்கவில்லை. முதலில் பென் டிரைவ் முழுவதையும் ஒரு நகல் எடுத்தேன். பிறகு எங்கள் மேல்வீட்டில் குடியிருக்கும், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் சுட்டிப்படங்களையெல்லாம் மூடிவிட்டு, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தாள். கமாண்ட் லைன் என்கிறார்களே, அது. 1990-களில் கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கு டாஸ் என்ற பெயரில் பழக்கமான அதே கண் சிமிட்டும் கோடு.

அவள் தட்டியது அதிகமில்லை. 'அன்ஸிப்' என்ற சொல், ஒரு இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன 'எல்', மறுபடி இடைவெளி, ஸிப் ஃபைலின் பெயர். எல் என்றால் லிஸ்ட். பிரிக்காதே, பட்டியலை மட்டும் சொல் என்று அர்த்தம். கண்ணிமைக்கும் நேரத்தில் 24 வரிகள் வந்து நின்றன. ஒவ்வொரு வரியிலும் ஃபைலின் அளவு, கடைசியாகத் திருத்திய தேதி, நேரம், பெயர். டிஸ்கில் எதுவும் எழுதப்படவில்லை. எந்த ஃபைலும் எந்த ஃபைலையும் அழிக்கவில்லை.

மேக்கிலும் பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் இந்த அன்ஸிப் கூடவே வருகிறது, அல்லது சுலபமாகச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-ல் 2018 முதல் 'டார்' என்ற கருவி உண்டு. டார், இடைவெளி, சிறு கோடு, டி, எஃப், இடைவெளி, ஃபைலின் பெயர் என்று தட்டினால் அதுவும் ஸிப்புக்குள் இருப்பவற்றின் பெயர்களை ஒப்பிக்கும். இதெல்லாம் எதற்கு, விண்டோஸில் ஸிப்பை க்ளிக் செய்தாலே உள்ளே இருப்பது தெரியுமே என்று கேட்கலாம். நியாயம்தான், தெரியும். ஆனால் அங்கே இன்னொரு க்ளிக் தவறினால் ஃபைல் திறந்துவிடும். தவிர, மூன்று மூட்டைகளில் இருக்கும் 72 ஃபைல்களைக் கண்ணால் ஒப்பிட முடியாது. கறுப்புத் திரையில் வரும் பட்டியலை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்து, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

முதல் மூட்டை, 'நாவல் ஃபைனல்'. எல்லாத் தேதிகளும் 2019. இரண்டாவது, 'நாவல் ஃபைனல் 2'. எல்லாம் 2021. மூன்றாவது, 'நாவல் ஃபைனல் ரியல்'. இதில் முதல் 16 அத்தியாயங்களுக்கு 2021 தேதி. 17 முதல் 24 வரை எட்டுக்கும் ஒரே தேதி: 2002 ஜனவரி 1.

டி.டி.பி. பையன் விழுந்த பள்ளம் இதுதான். 2021-ஐயும் 2002-ஐயும் பார்த்தால் யாருக்குமே 2021-தான் புதியது. ஆனால் கன்னட நாவல் வெளிவந்ததே 2014-ல். எழுதப்படாத நாவலை 2002-லேயே மொழிபெயர்க்க அண்ணன் ஒன்றும் நாடி ஜோசியர் இல்லை.

மேல்வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். "அங்கிள், அவர் கம்ப்யூட்டர்ல பேட்டரி செத்துப்போச்சு" என்றாள். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு சிறு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதன் வேலை. அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கடிகாரம், செய்தவர்கள் வைத்த ஆரம்பத் தேதிக்கே திரும்பிவிடும். இன்டர்நெட் இருந்தால் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அண்ணன் வீட்டு கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. "கவனம் சிதறும்" என்பார்.

பிறகு நேரங்களைப் பார்த்தேன். 17-ம் அத்தியாயம் 00:42. 18-ம் அத்தியாயம் 01:20. அப்படியே போய் 24-ம் அத்தியாயம் 04:51. ஸிப் மூட்டை கட்டப்பட்டது 04:58. ஸ்விட்ச் போட்ட கணம்தான் அந்தக் கடிகாரத்துக்கு நள்ளிரவு. ஆகவே அது காட்டுவது மணி அல்ல. உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு. உடம்பு முடியாத அந்த மனிதர் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து எட்டு அத்தியாயங்களைத் திருத்தியிருக்கிறார். அண்ணியிடம் கேட்டேன். "ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிட்டு வந்ததுலேர்ந்து விடியற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாரு. திட்டினேன்" என்றார்.

தேதி தவறாக இருந்தாலும் பட்டியல் பொய் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

* * *

இந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பது சுவாரசியமான விஷயம். ஸிப் என்ற முறையை உருவாக்கியவர் ஃபில் கட்ஸ், அமெரிக்காவின் மில்வாக்கி நகரக்காரர். அதற்கு முன்பு ஆர்க் என்றொரு முறை புழக்கத்தில் இருந்தது. அதை வைத்திருந்த கம்பெனி 1988-ல் கட்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. சமரசத்துக்குப் பிறகு அவர் 1989-ல் சொந்தமாக ஸிப்பைக் கொண்டுவந்து, அதன் அமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். அதனால்தான் அது உலகம் முழுவதும் பரவியது. குடிப்பழக்கத்தால் சீரழிந்து, 2000 ஏப்ரலில் ஒரு மோட்டல் அறையில் 37 வயதில் இறந்தார். வழக்கமான ஸிப் ஃபைல் எதை எடுத்தாலும் முதல் இரண்டு எழுத்துகள் 'பி', 'கே' என்று இருக்கும். அவருடைய இனிஷியல்கள்.

பொருளடக்கத்தை அவர் வைத்த இடம்தான் விசேஷம். புத்தகத்தில் பொருளடக்கம் முன்னால் இருக்கும். ஸிப்பில் கடைசியில் இருக்கும். கருவி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் அதை மட்டும் படித்துவிட்டுச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் இரண்டு ஜி.பி. மூட்டைக்கும் பட்டியல் நொடியில் வருகிறது. டவுன்லோடு பாதியில் நின்றுபோன ஸிப்பில் அந்தக் கடைசிப் பகுதி இருக்காது. கருவி உடனே கைவிரித்துவிடும். டார் வேறு ரகம். பெயரிலேயே டேப் இருக்கிறது. காந்த நாடாக் காலத்துச் சமாசாரம். பொருளடக்கமே கிடையாது. பட்டியல் வேண்டுமென்றால் பழைய கேசட்டைப்போல ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அழுத்திச் சுருக்கும் வித்தைக்கு அடிப்படை போட்டவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பெல் என்ற இருவர். ஆண்டு 1977. ஒருமுறை வந்த சொற்றொடர் மறுபடி வந்தால், அதைத் திரும்ப எழுதாமல் 'இத்தனை எழுத்து பின்னால் போய்ப் பார்' என்று குறித்துவைப்பதுதான் தத்துவம். தமிழுக்கு இது நன்றாகவே பலிக்கும். இன்று நாம் தட்டும் யூனிகோடுத் தமிழில், பரவலான யூடிஎஃப்-8 முறைப்படி, ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஆக 15 பைட். இதில் ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவதில் இரண்டே வகைதான். திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் சுருக்குவதுதான் ஸிப்பின் வேலை என்பதால், தமிழ் நாவல் உள்ளே போனதும் நன்றாகவே இளைத்துவிடுகிறது.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்கு மட்டும் தொல்லை வரும். கட்ஸ் காலத்து ஸிப்புக்கு ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் எழுத்துகள்தான் தெரியும். பெயர் யூனிகோடில் இருக்கிறது என்று குறிக்க 2006-ல்தான் வழி வந்தது. அதற்கு முன்பு நாம் திஸ்கி, டாப், டாம் என்று எழுத்துருக் குறியீடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டுக்குப் பிறகு டாமும் டாபும் தமிழக அரசின் தரங்கள் ஆயின. யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010-ல். அந்த இடைக்காலத்தில் தமிழ்ப் பெயர் வைத்துக் கட்டிய மூட்டைகளின் பட்டியலைப் பார்த்தால், கொக்கிகளும் கட்டங்களும் கிரேக்க எழுத்துகளும் கைகோத்து நிற்கும். அண்ணன் இதில் கெட்டிக்காரர். ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்திலும், உள்ளடக்கத்தை வேர்டு எதையும் நம்பாமல் வெறும் டெக்ஸ்டாகவும் வைத்திருந்தார். ஃபிட்டர் புத்தி, உதிரிபாகம் எங்கும் பொருந்த வேண்டும்.

* * *

பட்டியல் தரும் இன்னொரு தகவல் ஒவ்வொரு ஃபைலின் சி.ஆர்.சி. எண். சிறு 'எல்'லுக்குப் பதிலாகச் சிறு 'வி' போட்டால் அதையும் காட்டும். ஃபைலின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணக்கில் போட்டு எடுத்த கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கமா மாறினாலும் எண் மாறிவிடும்.

இரண்டாவது, மூன்றாவது மூட்டைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்தோம். முதல் 16 அத்தியாயங்களுக்கு எண்கள் அப்படியே ஒன்றாக இருந்தன. 17-லிருந்து எல்லாமே வேறு. ஆக மூன்றாவது மூட்டை இரண்டாவதன் உடன்பிறப்பு. கடைசி எட்டில்தான் வித்தியாசம். எது அண்ணன், எது தம்பி என்று மட்டும் தீர்மானிக்க வேண்டும். கைரேகை அதைச் சொல்லாது.

அதற்கும் பிரிக்கத் தேவையில்லை. சிறு 'பி' போட்டால் ஒரே ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தை டிஸ்கில் எழுதாமல் திரையில் மட்டும் ஓட்டிக்காட்டும். மூன்றாவது மூட்டையின் 17-ம் அத்தியாயத்தை ஓட்டினோம். கறுப்புத் திரைக்குத் தமிழ் சரியாக வராது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் சிதறி நின்றன. இருந்தும் திண்ணையில் உட்கார்ந்த அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று படிக்க முடிந்தது. மனசு விட்டுப்போச்சு.

இந்தச் சின்னப் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களின் குடும்ப விவகாரம் மட்டுமல்ல. 2024 மார்ச்சில் உலகம் முழுவதும் சர்வர்களை வைத்திருப்பவர்களை நடுங்க வைத்த எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கலாம். எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைச் சுருக்கும் ஒரு கருவி. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டு வருஷத்துக்கும் மேல் நல்லவராகப் பழகி, அந்தக் கருவியைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெற்று, அதில் கள்ளச்சாவி ஒன்றைச் செருகிவிட்டார். எல்லோரும் பார்க்கக்கூடிய மூல நிரலில் முழு விஷமும் கண்ணில் படவில்லை. பாதி, பழுதான ஃபைல்களைச் சோதிக்க வைத்தவை என்ற போர்வையில் இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரி, வெளியீட்டுக்கென்று கட்டிய டார் மூட்டையில் மட்டும் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று தோண்டப்போய்க் கண்டுபிடித்தார். மூட்டையின் பட்டியலையும் மூலத்தின் பட்டியலையும் யாராவது முன்பே ஒப்பிட்டிருந்தால் ஒரு ஃபைல் அதிகப்படியாக இருப்பது தெரிந்திருக்கும். அவ்வளவு பேரில் யாரும் பார்க்கவில்லை.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 2007-க்குப் பிறகு வந்த வேர்டின் 'டாக்எக்ஸ்' ஃபைல் உண்மையில் ஒரு ஸிப் மூட்டை. ஈபப் புத்தகமும், ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் ஆப்பும் அப்படியே. அன்ஸிப்பிடம் கொடுத்தால் இவற்றையும் பட்டியல் போடும். யாரோ அனுப்பிய வேர்டு கடிதத்தின் உள்ளே, அதை எழுதியவர் பெயர், கடைசியாகத் திருத்தியவர் பெயர், எப்போது என்பதெல்லாம் தனி ஃபைலாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அனுப்புகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. சாதாரண ஸிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் உள்ளடக்கம்தான் பூட்டப்படும். ஃபைல்களின் பெயர்கள் பூட்டப்படுவதில்லை. பாஸ்வேர்டு தெரியாதவரும் பட்டியலைப் படிக்கலாம். 'ராஜினாமா கடிதம்' என்று பெயர் வைத்துவிட்டுப் பாஸ்வேர்டு போட்டுப் பிரயோஜனமில்லை.

நூலகங்களுக்கும் இது உதவும். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் முன்னின்று நடத்திய 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' லட்சக்கணக்கான புத்தகங்களை ஸ்கேன் செய்தது. பக்கங்கள் விடுபட்டும், தலைப்புகள் மாறியும் இருந்த புத்தகங்கள் ஏராளம். அந்தத் தளம் பின்னர் முடங்கியது. கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் பெருமளவு புத்தகங்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியிருந்ததால் தப்பின. இப்போது பெங்களூரில் 'சர்வெண்ட்ஸ் ஆஃப் நாலெட்ஜ்' என்ற பெயரில் கன்னடம், தமிழ் உட்பட பல மொழிப் புத்தகங்களை ஸ்கேன் செய்து அதே இடத்தில் ஏற்றுகிறார்கள். ஆர்க்கைவில் இப்படி ஏறும் புத்தகங்களோடு பக்கப் படங்களை அடக்கிய ஒரு ஸிப் பெரும்பாலும் இருக்கும். பக்கத்துக்கு ஒரு ஃபைல், வரிசை எண்ணோடு. மூட்டையை இறக்காமலே உள்ளடக்கத்தைப் பட்டியலிட ஒரு சுட்டியும் உண்டு. 312 பக்கப் புத்தகத்துக்கு 290 ஃபைல்தான் இருக்கிறது என்றால், அசல் புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடலாம். கரையான் தின்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

கோர்ட்டு வரைக்கும் இந்தக் கைரேகை வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஸிப் காட்டும் சி.ஆர்.சி. அந்த வேலைக்கு ஆகாது. அது தற்செயலான பழுதைக் காட்டிக்கொடுக்கும். வேண்டுமென்றே செய்யும் மோசடிக்கு முன்னால் நிற்காது. கோர்ட்டுக்கு 'ஷா' போன்ற வலுவான கணக்குகள் வேண்டும். தேதிகளையும் அளவோடுதான் நம்ப வேண்டும். ஸிப்பின் அடிப்படைத் தேதியில் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பே கிடையாது. டொரோன்டோவில் கட்டிய மூட்டை அங்கே சுவரில் மாட்டிய கடிகாரத்தைத்தான் காட்டும். அண்ணன் மூட்டை காட்டியதோ ஆரம்பத் தேதிக்கே திரும்பிய கடிகாரத்தை.

* * *

பதிப்பகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். முணுமுணுத்தார்கள், அச்சுக்குப் போக இருந்த நேரம். பிறகு ஒப்புக்கொண்டு, கடைசி எட்டு அத்தியாயங்களை மறுபடி அனுப்புங்கள் என்றார்கள்.

அனுப்புவதற்கு முன்பு மேல்வீட்டுப் பெண் இன்னொன்றும் செய்யச் சொன்னாள். சிறு 'டி' போட்டால் டெஸ்ட். ஒவ்வொரு ஃபைலையும் மனதுக்குள்ளேயே பிரித்துப் பார்த்து, கைரேகை பொருந்துகிறதா என்று கருவி சோதிக்கும். 'ஓகே', 'ஓகே' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. 21-ல் நின்றது. 'பேட் சி.ஆர்.சி.' என்றது. பழைய பென் டிரைவ். எங்கோ சில பைட்டுகள் அரித்துவிட்டன. ஓட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் தெளிவாக வந்தது. அதற்கப்புறம் குப்பை. அண்ணன் வீட்டு கம்ப்யூட்டரைத் தேடினோம். அது பழைய இரும்புக்குப் போய் மாதக்கணக்காகியிருந்தது.

அந்த அத்தியாயத்தின் மீதிக்கு 2021 வடிவத்தையே ஒட்டினோம். முன்னுரையின் கீழே பதிப்பகத்தார் அதை இரண்டு வரியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நேர்மையான காரியம். புத்தகம் வந்துவிட்டது. அண்ணி படிக்கத் தெரியாதவர்; ஆனாலும் முதல் பிரதியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கு" என்றார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூட்டையின் கடைசியில் இருக்கும் பொருளடக்கம் சேதமாகவில்லை. 21-ம் அத்தியாயத்தின் பெயர், முடித்த நேரம், கைரேகை, அளவு எல்லாம் அதில் பத்திரமாக இருக்கின்றன. அத்தியாயம்தான் இல்லை. அளவு, 2021 வடிவத்தைவிட 612 பைட் குறைவு. குறிக்கு மூன்று பைட் என்று வகுத்தால் 204 வருகிறது. இடைவெளிகளையும் கணக்கில் சேர்த்தால், கூட்டிக் கழித்து மூன்று வாக்கியங்கள் அளவுக்கு.

அந்த ராத்திரி எதையோ அவர் வேண்டாம் என்று எடுத்திருக்கிறார். அச்சான புத்தகத்தில் அந்த வாக்கியங்கள் இருக்கின்றன. எவை என்று தேடி, 21-ம் அத்தியாயத்தைக் கையில் பென்சிலோடு நாலு தடவை படித்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் அலமாரியில் பழைய பென் டிரைவ், சி.டி. என்று ஏதாவது இருக்கும். பிரிக்க அவசரப்படாதீர்கள். முதலில் நகல் எடுங்கள். பிறகு பட்டியலைப் பாருங்கள், சோதித்துப் பாருங்கள். அதைச் செய்ய ஐந்து நிமிஷம் போதும். ஆனால் இன்றைக்கே செய்யுங்கள்.